சிங்கம் பக்கத்தில் வந்தால்

அந்த மனுஷனுக்கு வாய் ஓயாது. ஓய்ந்தால் பிழைப்பு ஓடாது, அது வேறு விஷயம். டிவியில் காட்டு விலங்குகளைப் பற்றி வெளிநாட்டுக்காரர்கள் எடுத்த படங்கள் வருமே, அவற்றுக்குத் தமிழில் குரல் கொடுக்கிறவர் அவர். "இதோ, பசியோடு இருக்கும் பெண்சிங்கம், புல்லோடு புல்லாகப் பதுங்கி முன்னேறுகிறது" என்று ஒரு குரல், கொஞ்சமும் அவசரப்படாமல், அடிவயிற்றிலிருந்து கிளம்பி வரும். அதைக் கேட்காத வீடு குறைவு. முகம் மட்டும் ஒருத்தருக்கும் தெரியாது. மருந்துக் கடைக்குப் போய்த் தலைவலி மாத்திரை கேட்டால், கடைக்காரர் மாத்திரையை எடுக்காமல் இவர் வாயையே பார்ப்பார். "சார், அந்த முதலைப் படத்துல பேசுறது நீங்கதானே?" அன்றைக்குப் பூராவும் ஐயாவுக்குக் கால் தரையில் பாவாது. தெருவில் எல்லோரும் அவரைக் குரல்காரர் என்றுதான் சொன்னார்கள். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

அவர் மனைவிக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களை உயரமான நாற்காலியில் உட்கார வைத்து, ஒரு கண்ணை மறைத்து, எதிர்ச் சுவரில் இருக்கிற எழுத்துகளைப் படிக்கச் சொல்வாள். நாளெல்லாம் "இது தெளிவா இருக்கா, இல்ல இதுவா?" என்று கேட்டுக் கேட்டு, வீட்டுக்கு வரும்போது அவளுக்கு மனுஷப் பேச்சே வேண்டாம் என்று இருக்கும். வந்தால் இங்கே இந்த ஆள். அவள் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுவார்.

"இதோ, நீண்ட பயணத்துக்குப் பிறகு பெண்சிங்கம் தன் குகைக்குத் திரும்புகிறது. யாரைக் கடிக்கலாம் என்று அதன் கண்கள் தேடுகின்றன."

அவள் கைப்பையை அவர் மடியில் எறிவாள். "பெண்சிங்கத்துக்கு முதல்ல ஒரு டீ போட்டுக் குடுங்க. அப்புறம் வர்ணிக்கலாம்."

டீ வரும். டீக்கும் ஒரு வர்ணனை வரும். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்களே, அந்த வீட்டு மாடிப்படியில் குரல் முன்னே வரும், ஆள் பின்னே வருவார். கல்யாணமான நாளிலிருந்து "கொஞ்சம் வாயை மூடுங்களேன்" என்று அவள் சொல்லாத நாள் கிடையாது. குழந்தை குட்டி இல்லாத வீடு. அந்த வாய் ஒன்று இல்லாவிட்டால் அது வீடாகவா இருந்திருக்கும்? அது அப்போது அவளுக்குத் தோன்றவில்லை. யாருக்குத்தான் தோன்றும்.

இரண்டு பேருக்கும் ஆப்பிரிக்கா போகிற ஆசை வந்ததே, அது ஒரு பொய்யில் ஆரம்பித்தது. பக்கத்து ஃபிளாட்டில் ஒரு பிறந்தநாள் விருந்து. அங்கே வந்திருந்த யாரோ ஒருத்தர், "சார், நீங்க எத்தனை தடவை ஆப்பிரிக்கா போயிருக்கீங்க?" என்று கேட்டுத் தொலைத்தார். குரல்காரர் ஒலிப்பதிவு அறையைத் தாண்டிப் போனதில்லை. கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பார்த்த சிங்கம்தான் எல்லாம். இல்லை என்று சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே. நாலு பேர் முகம் தன்னைப் பார்த்துத் திரும்பியதும் வாய் தானாகக் கிளம்பிவிட்டது.

"ஒரு தடவை போயிருந்தோம்" என்றார். "சாயங்காலம். வண்டி நின்னுட்டுது. புல்லை விலக்கிட்டு ஒரு சிங்கம் வருது. கிழட்டுச் சிங்கம். பிடரியில பாதி இல்லை. நேரா நம்ம வண்டிகிட்ட வந்துச்சு. கையை நீட்டினா தொடலாம். நின்னு, எங்களை ஒரு பார்வை பார்த்துச்சு. அப்புறம், இதுங்களை எல்லாம் தின்னு என்ன ஆகப்போகுதுங்கிற மாதிரி, வண்டியைச் சுத்திக்கிட்டுப் போயிடுச்சு." விருந்தில் ஒரு கரண்டிச் சத்தம் கேட்கவில்லை. அதோடு நிறுத்தினாரா? "என் பொண்டாட்டி பக்கத்துல உக்காந்திருந்தா. பயத்துல என் கையைப் பிடிச்சவதான், விடவே இல்லை."

எல்லோரும் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். அவளும் வேறு வழி இல்லாமல் சிரித்து வைத்தாள். கதவைத் திறந்து உள்ளே வந்த பிறகுதான் கச்சேரி. பொய்க்காகக்கூட இல்லை, அந்தக் கடைசி வரிக்காக.

"நான் எப்பங்க பயந்தேன்? குளியலறையில கரப்பான்பூச்சி வந்தா கட்டில்மேல ஏறி நிக்கிறது யாரு? நீங்களா நானா?"

"கதைக்கு ஒரு அழகு வேணாமாம்மா."

"உங்க அழகுக்கு நான்தான் கிடைச்சேனா? பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது. நாளைக்குக் காலையில நீங்களே பிரெட்டைச் சுட்டுத் தின்னுக்கோங்க."

காலையில் அவர் பிரெட்டைச் சுட்டார். அவளுக்கும் சேர்த்துத்தான். தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, வர்ணனை ஏதும் இல்லாமல் எதிரில் உட்கார்ந்தார். "இத்தனை வருஷமா பார்க்காததைப் பார்த்த மாதிரியே பேசிட்டேன்" என்றார். "நேத்து அந்த ஆள் கேட்டதும் பார்த்ததில்லைன்னு சொல்ல வெட்கமா போச்சு. ஒரு தடவையாவது நேர்ல பார்க்கணும். பார்த்துட்டு, அங்கேயே, அந்தச் சிங்கத்தைப் பத்தி நானா ரெண்டு வார்த்தை பேசணும். எவனோ எழுதிக் குடுத்தது இல்லாம."

அவள் பிரெட்டைக் கடித்தாள். ஒரு பக்கம் கருகியிருந்தது. "அப்ப போயிட்டு வந்துடுவோம். உங்க பொய்யும் நிஜமாயிடும்" என்றாள். கண்ணாடிக் கடையில் ஊர்க்காரர்களுக்கெல்லாம் தூரப் பார்வையைச் சரிசெய்து அனுப்புகிறவள், அவள் பார்த்த தூரம் எதிர்ச் சுவர்தான். அவளுக்கும் ஆசை இருக்காதா?

அன்றிலிருந்து வீட்டில் வேறு பேச்சு இல்லை. பயண ஏற்பாடு செய்கிற அலுவலகத்தில் ஒரு பெண் இருந்தாள், அந்தக் காடுகளுக்கு ஆள்களைக் கூட்டிக்கொண்டு போய் வந்தவள். அவள் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல இவர்களுக்குத் தலை சுற்றியது. மந்தை மந்தையாக மான்களும் வரிக்குதிரைகளும் ஆற்றைக் கடக்கிற காலம் ஒன்று உண்டு, அப்போதுதான் போக வேண்டும். மஞ்சள் காய்ச்சலுக்கு முன்கூட்டியே ஊசி போட வேண்டும். மலேரியாவுக்கு மாத்திரை. காட்டுக்குள் போகிற குட்டி விமானத்தில் பெட்டி ஏற்ற மாட்டார்கள், மடங்குகிற துணிப்பைதான். கருநீலமும் கறுப்பும் உடுத்தினால் ஒரு வகை ஈ மொய்த்துக் கடிக்கும், அதனால் மண் நிறத்தில் உடுப்பு. குரல்காரரிடம் இருந்த நல்ல சட்டை அத்தனையும் கருநீலம்.

"நீலத்துக்கே ஈ வருமாம்" என்றாள் அவர் மனைவி. "நீங்க பேசுறதுக்கு என்னென்ன வரப்போகுதோ."

அந்தப் பெண் சிரிக்கவில்லை. "அதைத்தான் சொல்ல வந்தேன். வண்டியில பேசவே கூடாது சார். சிங்கம் பக்கத்துல வந்தா அசையக் கூடாது, எழுந்திருக்கக் கூடாது, ஒரு சத்தம் வரக் கூடாது. அது பாட்டுக்கு வரும், அது பாட்டுக்குப் போயிடும். எல்லாம் போன பிறகு நீங்க எவ்வளவு வேணும்னாலும் பேசலாம்."

"கேட்டீங்களா? அப்ப எனக்கு மட்டும் ஒரு டிக்கெட் போடும்மா. இவரைக் காட்டுக்கு வெளிய கட்டிப் போட்டுட்டுப் போறேன்" என்றாள் அவள். குரல்காரர் தன் வாயைத் தானே பொத்திக் காட்டினார். அன்று அந்த அலுவலகத்தில் அவ்வளவு சிரிப்பு.

பயிற்சி என்று ஆரம்பித்து வைத்தவள் மனைவிதான். சாயங்காலம் டீ குடித்த பிறகு, பால்கனியில் இரண்டு நாற்காலி. அதுதான் ஜீப். கடையிலிருந்து அவள் வாங்கி வந்திருந்த பைனாகுலர் இருவருக்கும் நடுவில். இருட்டுகிற வரைக்கும் வாய் திறக்கக் கூடாது. கீழே தெருவில் போகிறதெல்லாம் விலங்கு. பேசாமல் ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்ள சைகை வேண்டுமே, அதையும் ஏற்பாடு செய்துகொண்டார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கும்பலாக வந்தால் மான், கையில் ஒரு தட்டு. தண்ணீர் லாரி யானை, இரண்டு தட்டு. குடியிருப்புச் சங்கத்துச் செயலாளர் எதற்கெடுத்தாலும் இளிப்பவர், அவர் கழுதைப்புலி, ஒரு கிள்ளு.

சிங்கம் யார் தெரியுமா? மேல்மாடியில் முழங்கால் ஆபரேஷன் செய்துகொண்ட ஒருத்தர் இருந்தார். கண்ணில் பட்டால் தொலைந்தோம். மயக்க ஊசி போட்டதில் ஆரம்பித்துத் தையல் பிரித்தது வரை சொல்லாமல் விட மாட்டார். அவர் கீழே நடை பழகும்போது அண்ணாந்து பார்ப்பார். அதனால் அவர் தலை தெரிந்ததும், முதலில் பார்த்தவர் மற்றவர் கையைப் பிடித்து ஒரே அழுத்தாக அழுத்த வேண்டும். சிங்கம் பக்கத்தில், அசையாதே, பேசாதே என்று அர்த்தம். இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு சிலையாகிவிடுவார்கள். முழங்கால்காரர் போன பிறகு வயிறு குலுங்கச் சிரிப்பார்கள், அதையும் சத்தம் இல்லாமல். வயசான காலத்தில் அவர்களுக்கு அது ஒரு விளையாட்டு.

வாயாடி மனுஷன் எப்படித் தாக்குப்பிடிப்பார் என்று நினைத்தவளுக்கு ஆச்சரியம். முதலில் தவித்தார். பிறகு பிடித்துக்கொண்டார். பிடித்தால் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்கிற ஆள். சாயங்காலம் மட்டும் இருந்த பயிற்சி ராத்திரிச் சாப்பாடு வரை நீண்டது. பிறகு காலையிலும் வந்தது. அவள் ஏதாவது கேட்டால் உதட்டில் விரலை வைப்பார், தட்டுவார், கிள்ளுவார். செருப்பைக் கழற்றும்போது வர்ணனை இல்லை. டீ மட்டும் வந்தது. கடையில் கூட வேலை செய்கிறவர்களிடம், "எங்க வீட்டுல இப்ப அப்படி ஒரு அமைதி, ஆப்பிரிக்காவுக்குப் போகாமலே எனக்குப் புண்ணியம் கிடைச்சுடுச்சு" என்று அவள் பெருமையாகச் சொன்னாள். அவர் அடிக்கடி இருமினார். பால்கனித் தூசி என்று அவளே முடிவு கட்டினாள். அங்கேதான் கோட்டை விட்டாள்.

ஒரு நாள் கடையில் ஒரு பெரியவரின் மூக்கில் சோதனைக் கண்ணாடிச் சட்டத்தை மாட்டி வில்லையை மாற்றிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. குரல்காரரோடு எப்போதும் வேலை செய்கிற ஒலிப்பதிவாளர்.

"அக்கா, அண்ணனுக்கு இப்ப எப்படி இருக்கு?"

"அவருக்கு என்ன? நல்லாத்தானே இருக்காரு."

"குரல் ஏறவே இல்லையேக்கா. ரெண்டு வரி பேசினா உடைஞ்சுடுது. போன படத்தையும் அதுக்கு முந்தின படத்தையும் வேற ஆளை வெச்சுத்தான் முடிச்சோம். அண்ணன்தான், வீட்டுல சொல்லிடாதே, ஆப்பிரிக்கா போயிட்டு வந்து பார்த்துக்கலாம்னு சொன்னார். மனசு கேக்கலை, அதான்."

பெரியவர் எழுத்துகளைப் படித்துக்கொண்டே இருந்தார். அவர் சரியாகப் படிக்கிறாரா தப்பாகப் படிக்கிறாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள். அவர் பால்கனியில் நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பேசுங்க" என்றாள்.

உதட்டில் விரலை வைத்தார். அவள் அந்த விரலைப் பிடித்து இழுத்தாள்.

"பயிற்சியும் வேணாம் ஒரு மண்ணும் வேணாம். எனக்கு உங்க குரலைக் கேக்கணும். நான் வந்தேன்ல, பெண்சிங்கம் வந்திருக்கு, சொல்லுங்க."

அவர் அவளையே பார்த்தார். பிறகு வாயைத் திறந்து, "இதோ" என்றார். அடிப்பிடித்த பாத்திரத்தைச் சுரண்டுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. அதற்கு மேல் வரவில்லை. எத்தனை நாளாக இப்படி? ஒரே வீட்டில், பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, கண்கெட்டுப் போனாளா, காது கெட்டுப் போனாளா?

தொண்டை டாக்டர் மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார். சதை எடுத்துச் சோதித்தார். முடிவு வந்த அன்று இருவரையும் எதிரில் உட்கார வைத்துச் சுற்றி வளைக்காமல் சொன்னார். புற்றுநோய். குரல்வளையை முழுசாக எடுத்துவிட வேண்டும். எடுத்தால் உயிர் பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது, குரல் போய்விடும். உடனே செய்ய வேண்டும்.

குரல்காரர் முன்னால் சாய்ந்து, காற்றாகக் கேட்டார். "ஆப்பிரிக்காவுக்கு ஒரு பயணம் இருக்கு டாக்டர். போயிட்டு வந்து எடுத்துக்கலாமா? அங்க எனக்குக் குரல் வேணும்."

"என்னைக் கேட்டா ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாதுன்னுதான் சொல்வேன்" என்றார் டாக்டர். அவள் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. உங்க வீட்டுக்காரருக்கு எடுத்துச் சொல்லுங்க."

அவள் வாயைத் திறந்தாள். மேஜைக்குக் கீழே அவர் கை வந்து அவள் கையைப் பிடித்தது. ஒரே அழுத்து.

அத்தனை சாயங்காலம் பழகிய உடம்பு அது. அசையவில்லை. மூச்சுகூட நின்றது. டாக்டர் காத்திருந்தார். சுவரில் தொங்கிய தொண்டைப் படத்தை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பழக்கம் மட்டும்தான் அவள் வாயைக் கட்டியதா என்றால், இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். அவளுக்கும் போக வேண்டும் என்று இருந்தது. அந்தக் குரலை இன்னும் கொஞ்ச நாள் கேட்க வேண்டும் என்று இருந்தது. கொஞ்ச நாளில் என்ன ஆகிவிடப்போகிறது என்று ஒரு அசட்டுத் தைரியமும் இருந்தது. அவள் பேசவில்லை. டாக்டர் பெருமூச்சு விட்டு, "சரி, சொல்றதைச் சொல்லிட்டேன். மூச்சு விடக் கஷ்டமா இருந்தா உடனே வந்துடுங்க" என்றார்.

பஸ் நிறுத்தத்தில்தான் அவளுக்கு வாய் வந்தது. "எதுக்குங்க கையை அழுத்தினீங்க?"

"சிங்கம் பக்கத்துல நின்னுச்சே" என்றார் அவர்.

அவளுக்கு அழுகை வந்தது. கூடவே சிரிப்பும் வந்து தொலைத்தது. பக்கத்தில் நின்றவர்கள் பார்த்தார்கள்.

"இனிமே நீங்க ஒரு வார்த்தை பேசக் கூடாது" என்றாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "மிச்சம் இருக்கிறதை அப்படியே வெச்சிருங்க. அந்தச் சிங்கத்துக்கு முன்னாடி போய்ப் பேசுங்க. நான் கேக்கிறேன்."

அவர் தலையாட்டினார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அதுதான் கொடுமை. அதன் பிறகு, ஒரே ஒரு தடவையைத் தவிர, அந்த வீட்டில் அவர் குரல் கேட்கவே இல்லை. ஊசி போட்டுக்கொண்டார்கள், மண் நிறச் சட்டைகள் வாங்கினார்கள், தொப்பி வாங்கினார்கள். எல்லாவற்றுக்கும் தட்டுதான், கிள்ளுதான், தலையாட்டல்தான். சில சமயம் அவர் உதடு தானாக அசையும். அங்கே போய்ப் பேசப்போவதை உள்ளுக்குள் சொல்லிப் பார்க்கிறார் என்று அவளுக்குத் தெரியும். "என்னன்னு எனக்கு மட்டும் சொல்லுங்களேன்" என்று கேட்க நாக்கு துருதுருக்கும். கேட்டால் குரல் செலவாகிவிடுமே என்று அடக்கிக்கொள்வாள். பயண நாள் நெருங்க நெருங்க அவர் கன்னம் ஒட்டியது. சோறு இறங்கவில்லை, சூப்புதான். இன்னும் கொஞ்சம்தான், இன்னும் கொஞ்சம்தான் என்று அவள் தனக்கே சொல்லிக்கொண்டாள்.

ஒரு காலையில் துணிப்பைகளில் சாமான் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அவள் பைனாகுலரைச் சட்டைக்குள் சுற்றி வைத்து, பையை மூடினாள். அவர் அதைப் பார்த்துவிட்டு, மறந்துபோய், "ஜிப் சரியா மூடலை" என்றார். காற்றும் கரகரப்புமாக அந்த மூன்று வார்த்தை. உடனே குற்றம் செய்தவர் மாதிரி வாயைப் பொத்திக்கொண்டார். அவள் முறைத்துவிட்டு ஜிப்பை இழுத்தாள்.

அவர் கடைசியாகப் பேசியது அதுதான். அன்று மத்தியானமே மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் உதடு நீலம் பாரித்தது. ஆஸ்பத்திரியில் கழுத்தில் துளை போட்டுக் குழாயைச் சொருகித்தான் மூச்சைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அதே டாக்டர் வெளியே வந்தார். அவர் அவளைத் திட்டியிருந்தால் அவளுக்குத் தேவலாம் போல் இருந்திருக்கும். "பரவிடுச்சும்மா" என்று மட்டும் சொன்னார். நுரையீரல் வரைக்கும் போய்விட்டதாம். இனிக் குரல்வளையை எடுத்தும் பிரயோசனம் இல்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று யாரும் அவளுக்குச் சொல்லிக்காட்ட வேண்டியிருக்கவில்லை. அவளே போதும்.

விமானம் கிளம்ப வேண்டிய நாள் வார்டில்தான் விடிந்தது. அந்தப் பயண அலுவலகத்துப் பெண் வந்து, கட்டிலோரம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனாள். குரல்காரர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். மருந்துத் தள்ளுவண்டி கடகடவென்று உள்ளே வந்தது. அவர் அவள் கையை எடுத்து இரண்டு தட்டுத் தட்டினார். யானை. சிறிது நேரத்தில் பயிற்சி டாக்டர்கள் கும்பலாக வந்து போனார்கள். ஒரு தட்டு. எல்லோரையும் இளித்துக்கொண்டே அதட்டுகிற மேற்பார்வையாளர் வந்தார். ஒரு கிள்ளு. அவள் சிரித்தாள், அவர் தோள் குலுங்கியது, குழாயில் காற்று புஸ் புஸ்ஸென்றது. வார்டே ஜீப்பாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியே சில நாள் ஓடியது.

பிறகு தட்டுவது குறைந்தது. தள்ளுவண்டி வந்தாலும் கை அசையாது. அவள் தட்டிக் காட்டுவாள், அவர் இமை மட்டும் ஒரு தடவை மூடித் திறக்கும்.

அன்று மத்தியானம். வார்டில் சாப்பாடு முடிந்து எல்லோரும் கண்ணயர்ந்திருந்தார்கள். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அவள் வழக்கம்போலப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து அவர் கைமேல் கையை வைத்திருந்தாள். வாசலில் யாரும் வரவில்லை. ஜன்னலுக்கு வெளியேயும் யாரும் இல்லை. அப்போது அவர் விரல்கள் மெல்ல மடங்கி அவள் கையைப் பிடித்தன. அந்த உடம்பில் இன்னும் அவ்வளவு பலம் எங்கே இருந்ததோ. ஒரே அழுத்து.

அவளுக்குப் புரிந்துவிட்டது. அசையாதே, பேசாதே என்கிறார். பழகிய உடம்பு பழையபடி சிலையாகப் பார்த்தது. மூச்சு நின்றது.

முடியாது என்று நினைத்தாள். ஒரு தடவை உங்க பேச்சைக் கேட்டு வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு இத்தனையும் போதும். இந்தத் தடவை மூட மாட்டேன். அவர் காதோரம் குனிந்தாள். என்ன பேசுவது? அவள் என்ன குரல்காரியா? இது தெளிவா இருக்கா, இதுவா என்று கேட்கத் தெரிந்தவள். வாயில் வந்தது ஒன்றே ஒன்றுதான்.

"இதோ" என்றாள். குரல் நடுங்கியது. மறுபடி ஆரம்பித்தாள்.

"இதோ, சாயங்காலம். வண்டி நின்னுட்டுது. புல்லை விலக்கிட்டு ஒரு சிங்கம் வருது. கிழட்டுச் சிங்கம். பிடரியில பாதி இல்லை."

அவர் கண் திறந்தது. அவளைப் பார்த்தது. அழுத்தம் விடவில்லை.

"நேரா நம்ம வண்டிகிட்டதான் வருது. வரட்டுங்க. கையை நீட்டினா தொடலாம். நின்னுடுச்சு. நம்மளை ஒரு பார்வை பார்க்குது. நீங்களும் பார்க்கறீங்க. நேர்லதான் பார்க்கறீங்க, எந்தக் கண்ணாடித் தடுப்பும் இல்லை."

குழாயில் காற்று போகிற சத்தம் இடைவெளி விட்டு விட்டுக் கேட்டது. அவள் அவசரப்படவில்லை. அவரைப் போலவே, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"இதுங்களைத் தின்னு என்ன ஆகப்போகுதுன்னு நினைச்சுதோ என்னமோ. வண்டியைச் சுத்திக்கிட்டுப் போகுது. போயிடுச்சு. அவ்வளவுதாங்க. இனிமே நீங்க எவ்வளவு வேணும்னாலும் பேசலாம்."

அவர் உதடு அசைந்தது. சொல்லிப் பார்த்து வைத்திருந்ததைச் சொல்கிறார் என்று அவளுக்குத் தோன்றியது. காதை அருகே கொண்டுபோனாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்ட மாதிரி தலையாட்டினாள். அப்புறம் அந்தக் கதையில் ஒரு வரி பாக்கி இருப்பது நினைவுக்கு வந்தது. அதற்காகத்தானே அன்று அவ்வளவு சண்டை போட்டாள்.

"பக்கத்துல பொண்டாட்டி உக்காந்திருந்தா" என்றாள். "பயத்துல அவர் கையைப் பிடிச்சவதான். விடவே இல்லை."

அவர் விரல்கள் எப்போது தளர்ந்தன என்று அவளுக்குத் தெரியாது. நர்ஸ் வந்து தோளைத் தொடும் வரைக்கும் அவள் பிடித்துக்கொண்டேதான் இருந்தாள்.